கென்ரோக்குயென்: ஆறு எங்கே ஓடுகிறது?

ஜப்பானின் கனசாவா நகரிலுள்ள பழைய தோட்டமான கென்ரோக்குயென் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் குறிப்புகளில் ‘ஆறு தோட்டம்’ என்ற தொடரை மூன்றாம் முறையாகப் படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். அதை உரக்கப் படித்துக் காட்டியபோது என் சித்தப்பா கேட்ட கேள்வி நியாயமானது: “அங்கே எந்த ஆறு ஓடுகிறது?” கனசாவாவில் சாய், அசானோ என இரண்டு ஆறுகள் உண்டு. தோட்டம் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மேட்டில் இருக்கிறது, பெயரிலோ ஆறே இல்லை. எண்ணைக் குறிக்க வந்த சொல் நீரில் போய் விழுந்துவிட்டது.

‘கென்’ என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒருசேரக் கொள்ளுதல். ‘ரோக்கு’ ஆறு என்னும் எண். ‘யென்’ என நாம் எழுதும் ‘என்’ என்பதற்குத் தோட்டம் என்று பொருள். ஆகவே ‘கென்ரோக்குயென் தோட்டம்’ என்பதும் ‘அரைஞாண் கயிறு’ போலக் கூறியது கூறலே. 1822-இல் கனசாவாவை ஆண்ட மயேதா குலத்தின் பன்னிரண்டாம் தலைவர் நரினாகா கேட்டுக்கொள்ள, ஷோகுன் ஆட்சியின் முன்னாள் தலைமை அமைச்சர் மட்சுதைரா சதனோபு இப்பெயரைச் சூட்டினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பெயருக்கு மூலம் சீனத்தின் சொங் காலத்தவரான லீ கெஃபெய், லோயாங் நகரத் தோட்டங்களைப் பற்றி எழுதிய நூல்.

தோட்டத்தின் நலங்களில் ஒருசேர அமைய முடியாதவை ஆறு என்று அந்நூல் சொல்கிறது. விரிவை நாடினால் ஒதுக்கம் குறையும். மனிதக் கைத்திறன் மிகுந்தால் தொன்மை மங்கும். நீர் நிறைந்திருந்தால் நெடுந்தொலைவுக் காட்சி கிட்டாது. ஆறு நலங்களும் மூன்று முரண்பட்ட இணைகள். முரணெல்லாம் ஓரிடத்தில் கூடிவிட்டன என்று பெருமைப்படுவதே இப்பெயர். ‘கென்’ எழுத்தின் பழைய வடிவம் இரண்டு தானியத் தாள்களை ஒரே கை சேர்த்துப் பிடித்திருப்பதைக் காட்டும். பெயரின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது, எண்ணில் இல்லை.

இதனாலேயே சிலர் முன்வைக்கும் ‘அறுகுணப் பூங்கா’ என்ற ஆக்கம் எனக்கு ஒவ்வவில்லை. ஆற்றுக் குழப்பத்தை அது நீக்குகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குணம் என்ற சொல்லோடு எண்ணைச் சேர்த்த உடனே தமிழ்க் காது கோயிலுக்குப் போய்விடுகிறது. வள்ளுவரின் ‘எண்குணத்தான்’ கடவுளைக் குறிப்பவன். வைணவர் திருமாலுக்கு ஞானம், பலம் முதலிய ஆறு குணங்களைச் சொல்வர். லீ கெஃபெய் சொன்னதோ தோட்டத்தின் சிறப்பை. அதற்கு ‘நலம்’ போதும். இதைவிடப் பெரிய குறை, ‘கென்’ முழுவதுமாக விடுபட்டுப்போனதுதான். ‘அறுகுணம்’ ஆறையும் மளிகைப் பட்டியல் போல அடுக்குகிறது. அவை ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை என்பது தெரிவதே இல்லை.

மல்லுக்கு நிற்பது கற்பனையன்று. நீர் பள்ளத்தை நாடும், காட்சிக்கு மேடு வேண்டும். கனசாவாவில் மேட்டுக்கே நீர் வந்தது, 1632-இல் வெட்டிய தட்சுமி கால்வாய் வழியாக, சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அந்நீரைப் பெற்ற கசுமிகாயிகே குளம் உயரத்தில் கிடப்பதால், குளத்துக்கும் அதற்குக் கீழே உள்ள நீரூற்றுக்கும் இடைப்பட்ட மட்ட வேறுபாடு ஒன்றே, எந்திரமின்றி, நீரை 3.5 மீட்டர் அளவுக்கு எழுப்புகிறது. குளக்கரையை அடுத்த மேட்டில் நின்றால் நகரும் மலைகளும் கண்ணுக்குத் தெரியும். நீரும் காட்சியும் ஓரிடத்தில் இயைந்துவிட்டன.

‘பூங்கா’ என்பதிலும் எனக்கு ஒரு தயக்கம். 1874-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின் இவ்விடம் பல்லாண்டுகள் ‘கென்ரோக்கு கோயென்’, அதாவது கென்ரோக்குப் பொதுப்பூங்கா என்றே வழங்கி, 1924-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. பொதுப்பூங்காவை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர்களிடம் நாம் மீண்டும் பூங்காவைத் திணிப்பது விந்தை. செர்ரியும் பிளம்மும் அங்கே பூக்கின்றன என்றாலும், அடையாளமாக நிற்பது பைன் மரமே; நவம்பர் முதல் நாளில் பனிச்சுமையில் கிளை முறியாதிருக்கக் கயிறுகளைக் கூடாரம்போல் இழுத்துக் கட்டுவது கராசாகி பைனிலிருந்துதான் தொடங்குகிறது. நம்மவரோ ‘பூங்கா’ என்பதைத் தொழிற்பூங்கா, தகவல் தொழில்நுட்பப் பூங்கா என்று செடியே இல்லாத கட்டடங்கள் வரை நீட்டிவிட்டோம்.

என் பரிந்துரை: பெயரைக் கென்ரோக்குயென் என்றே எழுதி, பொருள் சொல்லும்போது ‘அறுநலம் இயைந்த கா’ எனலாம். ‘கா’ இன்று யாருக்கும் புரியாது என்பவர்களுக்கு என் விடை: நாள்தோறும் அவர்கள் சொல்லும் பூங்காவில் இருப்பதும் அதுவே. வேலியிட்டுக் காக்கப்பட்ட சோலை என்ற பொருளும் அதற்குப் பொருத்தம். தோட்டத்தைக் குறிக்கும் ‘என்’ என்ற ஜப்பானிய எழுத்தைச் சுற்றியும் ஓர் அடைப்பு உண்டு.

இத்தனை கண்டிப்புக்குப் பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே கசுமிகாயிகே குளத்தில் ஒரு கால் நீரிலும் மற்றொரு குட்டைக் கால் பாறையிலுமாக நிற்கும் கொத்தோஜி கல்விளக்கு, கொத்தோ என்னும் நரம்பிசைக் கருவியின் தந்தியைத் தாங்கும் கட்டையின் பெயரைப் பெற்றது. வீணையில் அக்கட்டைக்கு நாம் ‘குதிரை’ என்போம். ‘குதிரை விளக்கு’ என்று எழுதினால் சித்தப்பா அடுத்து என்ன கேட்பார் என்பது தெரிந்ததால், அதற்கு மட்டும் இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.