கண்முன்னே நடந்ததை மறக்கவைப்பது எப்படி?

ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட ‘விலங்குப் பண்ணை’ நாவலைப் படித்தவர்கள் பலர், அந்த விலங்குகள் முட்டாள்கள், அதனால்தான் பன்றிகளிடம் ஏமாந்தன என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நெப்போலியன் என்ற பன்றியின் ஆட்சி குறிவைத்தது மற்ற விலங்குகளின் ஞாபகத்தை. ஞாபகம் எவ்வளவு லேசாக வளையும் என்று உளவியலாளர்கள் பின்னாளில் சோதித்துக் கண்டதை ஆர்வெல் கதையிலேயே காட்டியிருக்கிறார்.

மனிதர்களை விரட்டிய விலங்குகள் ஏழு கட்டளைகளைச் சுவரில் எழுதிவைக்கின்றன. நாலாவது, எந்த விலங்கும் கட்டிலில் தூங்கக் கூடாது. அப்புறம் பன்றிகள் பண்ணை வீட்டில் குடியேறிக் கட்டிலில் படுக்க ஆரம்பிக்கின்றன. க்ளோவர் என்ற பெண்குதிரைக்குச் சந்தேகம் வருகிறது, ஆனால் அதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, அதனால் முரியல் என்ற வெள்ளாட்டைக் கூட்டிவந்து படிக்கச் சொல்கிறது. விரிப்பு போட்ட கட்டிலில் தூங்கக் கூடாது என்று இருக்கிறது! விரிப்பைப் பற்றிய பேச்சே க்ளோவருக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் முதலிலேயே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து, பிரச்சாரம் செய்யும் பன்றியான ஸ்க்வீலர் இரண்டு மூன்று நாய்களோடு அந்தப் பக்கம் வந்து விளக்கம் சொல்கிறது.

1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 150 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, ‘மோதிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும், ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நினைவு பெட்டியில் பூட்டி வைத்த பொருள் அல்ல, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது, கட்டும் நேரத்தில் யார் எதைக் கையில் கொடுத்தாலும் அதுவும் உள்ளே போய்விடுகிறது. க்ளோவருக்கு அந்த ஒரு சொல்லைக் கொடுத்தது சுவர்; சுவரில் அதை வண்ணத்தில் எழுதிச் சேர்த்தது ஸ்க்வீலர்.

அடுத்தது, திரும்பத் திரும்பச் சொல்வது. யாராவது எதிர்த்துப் பேச வாயெடுத்தால் செம்மறி ஆடுகள் “நாலு கால் நல்லது, ரெண்டு கால் கெட்டது” என்று கத்தித் தீர்த்துவிடும். ஒரு வாக்கியத்தைப் பலமுறை கேட்டால் மனம் அதைச் சுலபமாக வாங்கிக்கொள்கிறது, அந்தச் சுலபத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. லிசா ஃபேசியோவும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வாக்கியம் வரும்: ஸ்காட்லாந்துக்காரர்கள் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சேலை. நமக்கெல்லாம் சிரிப்பு வரும். ஆனால் சரியான விடை தெரிந்தவர்களிடம்கூட, இப்படிப்பட்ட பொய்கள் இரண்டாம் முறை வந்தபோது கொஞ்சம் கூடுதலாக நம்பும்படி தோன்றின. விஷயம் தெரிந்திருப்பது மட்டும் போதுமான காப்பு இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

பெரிய பொய் ஒரே நாளில் வருவதும் இல்லை. ஸ்னோபால் என்ற பன்றி மனிதர்களோடு நடந்த மாட்டுக்கொட்டகைச் சண்டையில் முன்னால் நின்று குண்டடி பட்டதை எல்லா விலங்குகளும் பார்த்தன. நெப்போலியன் அதை விரட்டிய பிறகு, முதலில் அதன் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்றார்கள், அப்புறம் அதற்குப் பதக்கமே கொடுக்கவில்லை என்றார்கள், கடைசியில் அது எதிரி பக்கம் நின்று சண்டை போட்டது என்றார்கள். சோவியத் நாட்டில் ட்ராட்ஸ்கிக்கு நடந்ததும் இதுதான். அந்த நாட்டின் ராணுவமான செம்படையைக் கட்டியவர் அவர், ஸ்டாலின் காலத்தில் துரோகி ஆனார், 1920-இல் மாஸ்கோவில் லெனின் பேசும் புகழ்பெற்ற புகைப்படத்தில் மேடைப் படியில் நின்ற அவர் பின்னாளில் காணாமல் போனார்.

எல்லாரும் சேர்ந்து ஞாபகத்தை ஒப்பிட்டிருந்தால்? 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளில், ஒரு குழுவே கண்ணுக்குத் தெரிந்த கோட்டின் நீளத்தைத் தப்பாகச் சொன்னபோது பலர் கூடவே தலையாட்டினார்கள், ஆனால் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னால் போதும், தலையாட்டுவது வெகுவாகக் குறைந்தது. நெப்போலியனின் நாய்களுக்கு வேலையே அந்த ஒரு குரலை எழவிடாமல் பார்ப்பதுதான். ஒருமுறை நான்கு இளம் பன்றிகள் எதிர்த்தன. நாய்கள் உறுமின, ஆடுகள் கத்தின, பேச்சு அத்தோடு நின்றது. பின்னால் அந்த நான்கும் கொல்லப்பட்டன.

நன்றாகப் படிக்கத் தெரிந்தும் பேசாமல் இருந்த பெஞ்சமின் கழுதை, பாக்ஸர் குதிரையைச் சிகிச்சைக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் குதிரை வெட்டுபவரின் பெயர் இருக்கிறது. மூன்று நாள் கழித்து ஸ்க்வீலர் வந்து, அது மருத்துவர் வாங்கிய பழைய வண்டி, பெயரை அழிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறது. விலங்குகளுக்கு நிம்மதி.