ஒரே பாறைக்கு நான்கு வயது

கிழக்கு அண்டார்க்டிகாவில் எண்டர்பி நிலம் என்றொரு பகுதி. அங்கே தூலா மலைத்தொடரில் சோன்ஸ் சிகரம் இருக்கிறது. அதிலிருந்து எடுத்து வந்த, நைஸ் என்னும் உருமாறிய பாறை ஒன்றை ஆராய்ந்த லான்ஸ் பிளாக், இயன் வில்லியம்ஸ், வில்லியம் காம்ப்ஸ்டன் ஆகிய மூவரும் 1986இல் அதற்கு ஒன்றல்ல, நான்கு வயதுகள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றில் மூன்றைச் சொல்கிறேன். மிகப் பழையது சுமார் 393 கோடி ஆண்டு. நடுவில் ஒன்று 295 கோடியை ஒட்டி வந்தது. இன்னொன்று 250 கோடிக்குச் சற்றுக் குறைவு. நான்கும் ஒரே பாறையின் கனிம மணிகளிலிருந்து வந்தவை. ஆய்வகத்தில் எந்தக் கோளாறும் இல்லை.

எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைக்கு வயது கேட்டால் எப்போது உறைந்தது என்று சொல்லிவிடலாம். உருமாறிய பாறைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே இருந்த பாறை, கண்டங்கள் மோதும்போது இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுக்கப்படுகிறது; பெரும்பகுதி உருகாமல், திட நிலையிலேயே அதன் கனிமங்கள் கலைந்து வேறு கனிமங்களாகக் கூடுகின்றன. அது முதலில் பிறந்த காலம், முதல் முறை வெந்த காலம், மறுபடி வெந்த காலம், மேலே வந்து ஆறிய காலம் எல்லாமே அதன் வயதுதான். கண்டங்களின் கதையை எழுத விரும்புகிறவர் இவற்றில் எது எது என்று பிரித்தறிந்தாக வேண்டும். எண்ணைப் பெறுவது இன்று அவ்வளவு கடினமில்லை. அந்த எண் எந்த நிகழ்ச்சிக்கு உரியது என்று சொல்வதில்தான் இந்தத் துறையின் சண்டைகள் எல்லாம் நடக்கின்றன.

இந்த வேலைக்கு முதன்மையான சாட்சி சிர்க்கான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட்டோடு கலந்து கிடப்பதும் இதே கனிமம்தான். சிர்க்கான் படிகம் வளரும்போது யுரேனிய அணுக்களைச் சிறிதளவு உள்ளே விடுகிறது. ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடுகிறது. ஆகவே பின்னாளில் அதற்குள் ஈயம் இருந்தால், அது யுரேனியம் சிதைந்து உண்டானதாகவே இருக்க வேண்டும். யுரேனியத்தில் முக்கியமாக இரண்டு ஐசோடோப்புகள், அதாவது எடை மாறுபட்ட இரண்டு வகை அணுக்கள், உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அது ஈயம்-206 ஆகிறது. யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டுகள் போதும். அது ஈயம்-207 ஆகிறது. ஒரே மணிக்குள் வேகம் மாறுபட்ட இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால், இடையில் ஈயம் வெளியேறியதா, உள்ளே வந்ததா என்று அந்த வேறுபாட்டைக் கொண்டே துப்புத் துலக்கலாம். 1956இல் ஜார்ஜ் வெதரில் வகுத்துக் கொடுத்த வரைபடம் இன்றுவரை இதற்குத்தான் பயன்படுகிறது.

பாறையை நொறுக்கி, கனமான திரவத்தில் இட்டு லேசானவற்றை மிதக்கவிட்டு, காந்தத்தால் பிரித்து, கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் கையால் பொறுக்கி எடுக்கும் சிர்க்கான் மணி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவற்றை எப்பாக்சி பிசினில் பதித்துப் பாதி உயரத்துக்குத் தேய்த்து, எலக்ட்ரான் கற்றையின் கீழ் வைத்தால் மணிகள் ஒளிர்கின்றன. அப்போது தெரிவதுதான் முக்கியம். நடுவில் மெல்லிய பட்டைகள் கொண்ட ஒரு கரு. அதன் விளிம்பைக் கரைத்துக்கொண்டு சுற்றிலும் பட்டைகளற்ற ஓர் ஓடு. சில மணிகளில் அதற்கும் வெளியே இன்னோர் ஓடு. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைச் சுற்றி மகனும் பேரனும் அறைகள் சேர்த்துக் கட்டியது போன்ற அமைப்பு. முழு மணியையும் அமிலத்தில் கரைத்து அளந்தால் மூன்று தலைமுறைக்கும் பொதுவான ஒரு சராசரி கிடைக்கும். அந்த ஆண்டில் அங்கே எதுவுமே நடந்திருக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் காம்ப்ஸ்டன் குழு உருவாக்கிய ‘ஷ்ரிம்ப்’ என்னும் அயனி நுண்ணாய்வுக் கருவி. ஆக்சிஜன் அயனிக் கற்றையை மணியின் ஒரே புள்ளியில் பாய்ச்சி, தெறிக்கும் அணுக்களை அங்கேயே எடை பிரித்து எண்ணுகிறது. புள்ளியின் அகலம் சுமார் 25 மைக்ரோமீட்டர். கருவில் ஒன்று, ஓட்டில் ஒன்று என்று தனித்தனியாகச் சுடலாம். சோன்ஸ் சிகரத்துப் பாறை நான்கு வயதுகளைச் சொன்னது இந்தக் கருவியிடம்தான்.

ஆனால் எண்டர்பி நிலத்தின் நேப்பியர் பாறைத்தொகுதி லேசில் வழிக்கு வருவதில்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டி வெந்திருக்கிறது. கண்டப் பாறையில் இது அசாதாரண வெப்பம். சஃபிரின் என்னும் கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டபடி அங்கே கிடைப்பது அதற்குச் சான்று. இந்தச் சேர்க்கையை அங்கிருந்து 1968இலேயே அறிவித்துவிட்டார்கள். அந்தச் சூட்டில் சிர்க்கானுக்குள் இருந்த ஈயம் சும்மா இருக்கவில்லை. சில இடங்களில், அங்குள்ள யுரேனியத்தால் உண்டாகியிருக்கவே முடியாத அளவு ஈயம் குவிந்திருப்பதை ஷ்ரிம்ப் குழு 1984இலேயே கண்டது. அதாவது கடிகாரம் பின்தங்கவில்லை, முந்தி ஓடியது.

எவ்வளவு முந்தும்? கணக்குப் போட்டே பார்க்கலாம். இன்று இயற்கை யுரேனியத்தில் 138 அணுவுக்கு ஒன்றுதான் 235. 340 கோடி ஆண்டுகளுக்கு முன் எட்டுக்கு ஒன்று. ஆகவே பழைய காலத்தில் உண்டான ஈயத்தில் 207இன் பங்கு மிக அதிகம். 340 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த சிர்க்கான் ஒன்று 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்தபோது, அதுவரை சேர்ந்த ஈயம் ஒரு மூலையில் திரண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஈயத்தின் 207/206 விகிதத்தை மட்டும் நம்பி வயது கணித்தால் வரும் விடை சுமார் 438 கோடி. பூமியின் வயதே 454 கோடிதான். உலகின் மிகப் பழைய கனிமம் கிடைத்துவிட்டது என்று கொண்டாட எல்லாத் தகுதியும் உள்ள எண், முழுப் பொய்.

மோனிகா குசியாக்கும் அவருடைய சகாக்களும் எண்டர்பி நிலத்துச் சிர்க்கான்களைப் புள்ளி புள்ளியாகப் படமெடுத்து, 400 கோடியைத் தாண்டிய வயதுகள் இப்படிப் பிறக்க முடியும் என்று 2013இல் காட்டினார்கள். 2015இல் அந்த ஈயம் என்ன வடிவில் இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள்: 5 முதல் 30 நானோமீட்டர் விட்டமுள்ள உலோக ஈய உருண்டைகள். இயற்கையில் ஈயம் தனி உலோகமாகக் கிடைப்பது மிக அரிது. சோன்ஸ் சிகரத்தின் 393 கோடியையும் பின்னாளில் மறு ஆய்வு செய்தவர்கள் 380 கோடி அளவுக்கு இறக்கினார்கள். இறக்கினாலும் அது பூமியின் மிகப் பழைய பாறைகளின் வரிசையில்தான் நிற்கிறது. அந்த வகையில் எண்டர்பி நிலத்துக்குக் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இத்தனை எச்சரிக்கையோடு எடுத்த வயதுகள் கண்டத்தின் கதையில் என்ன மாற்றின? கிழக்கு அண்டார்க்டிகாவின் கடற்கரையை ஒட்டிய உருமாறிய பாறைகள் எல்லாம் சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஒரே மலைப் பட்டையின் எச்சம் என்றுதான் நிலவியலாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். அப்படியானால் இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் அப்போதே ஒட்டிவிட்டன என்றாகிறது. அந்தப் படத்துக்கு ஒவ்வாத எண்கள் இல்லாமல் இல்லை. பொட்டாசியம்-ஆர்கான், ருபீடியம்-ஸ்ட்ரோன்சியம் முறைகளில் 50 கோடி ஆண்டு என்ற விடை பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. பழைய பாறை பிற்காலத்தில் லேசாகச் சூடானதன் அடையாளம் என்று சொல்லி அதை ஒதுக்கிவைத்தார்கள். அந்த முறைகள் குறைந்த சூட்டிலேயே அழிந்து புதிதாகத் தொடங்கும் கடிகாரங்கள் என்பதால், விளக்கம் நியாயமாகவும் இருந்தது.

சிர்க்கானிடம் அந்தச் சாக்கு எடுபடாது. லேசான சூட்டுக்கு அது புதிய ஓடு வளர்ப்பதில்லை. 1990களில் ஜப்பானின் அண்டார்க்டிக ஆய்வு நிலையமான சியோவா உள்ள லுட்சோ-ஹோம் பகுதியிலும், பிரிட்ஸ் விரிகுடாப் பகுதியிலும் 55 முதல் 50 கோடி ஆண்டு வயதுள்ள சிர்க்கான்கள் வரிசையாக வரத் தொடங்கின. முழு வீச்சில் உருமாற்றம் நடந்ததே அப்போதுதான். ஒரே பட்டை என்று நினைத்தது, நடுவே புதிய பட்டைகளால் வெட்டுண்டு கிடந்தது. பிரிட்ஸ் விரிகுடாவின் லார்ஸ்மன் குன்றுகளில்தான் இந்தியாவின் பாரதி நிலையம் 2012 முதல் இயங்குகிறது. அதன் காலடிப் பாறையும் இந்தக் கணக்கில் சேரும். இந்தியா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் சேர்ந்திருந்த பழைய பெருங்கண்டமான கோண்டுவானாவின் கிழக்குப் பாதி 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கட்டியாக உறைந்துவிட்டது என்ற கருத்து அதன் பின் பழையபடி நிற்கவில்லை. துண்டுகள் ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் கடைசியாக வந்து மோதின என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள்.

இலங்கை இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். கசுயுகி ஷிராய்ஷியும் சக ஆய்வாளர்களும் 1994இல் லுட்சோ-ஹோம் பாறைகளையும் இலங்கைப் பாறைகளையும் ஷ்ரிம்பில் ஒன்றாக வைத்து அளந்து, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியக் காலத்து மலைப் பட்டை ஒன்று இரண்டையும் இணைத்தது என்று காட்டினார்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும் அண்டார்க்டிகக் கடற்கரையும் ஒரே மோதலின் ஆழத்தில் வெந்தவை.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சென்னைப் பல்லாவரத்தில் உள்ள, கடும் சூட்டில் உருமாறிய சார்னோக்கைட் என்னும் பாறையின் உருமாற்றமும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. நேப்பியர் தொகுதியிலும் சார்னோக்கைட் உண்டு, வயதும் நெருங்கி வருகிறது. இதை வைத்து இரண்டையும் உடனே உறவினராக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகின் பல பகுதிகளில் பாறை வெந்திருக்கிறது. வயது மட்டும் போதாது. வெப்பமும் அழுத்தமும் ஏறி இறங்கிய பாதை, மூலப்பாறை எங்கிருந்து வந்தது, அடுத்தடுத்த நிகழ்ச்சிகளின் வரிசை எல்லாம் பொருந்த வேண்டும். இலங்கைக்கும் லுட்சோ-ஹோமுக்கும் அப்படிப் பல சான்றுகள் சேர்ந்து பொருந்துகின்றன. விசாகப்பட்டினத்தை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நேப்பியரின் பக்கத்திலுள்ள ரேய்னர் தொகுதிக்கும் அதேபோல். அங்கே இருவருக்கும் பொதுவானது 100 முதல் 90 கோடி ஆண்டு.

கடற்கரையில் பார்த்த 50 கோடி ஆண்டுப் பட்டைகள் உள்நாட்டில் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. அண்டார்க்டிகாவில் பாறை வெளியே தெரியும் பரப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி பனியின் அடியில் இருக்கிறது. அதனால் பனியாறுகள் உள்ளிருந்து அரைத்துக் கொண்டுவந்து கரையிலும் கடலடியிலும் கொட்டிய மணலிலிருந்து சிர்க்கான்களைப் பொறுக்கி அளக்கிறார்கள். அந்த மணிகள் வயதைச் சொல்லும். பனிக்கு அடியில் எந்த இடத்திலிருந்து கிளம்பின என்பதைப் பனியின் ஓட்டப் பாதையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.