கால் மரத்துப்போனதை எப்படித் தேடுவது?

காலை மடித்து வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகிறது. ஏன் என்று ஆங்கிலத்தில் தேட வேண்டும். 'லெக்' கைவசம் இருக்கிறது. மரத்துப்போவதற்கு என்ன சொல்? மரம்தானே என்று 'வுட்' சேர்த்தால் மரக்கால்கள் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் கால் தூங்கிப்போகும். அந்தச் சுருக்சுருக் உணர்வுக்கு 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்', அதாவது குண்டூசியும் ஊசியும் என்று பெயர். மருத்துவர்களுக்கு அதுவே 'பாரஸ்தீசியா'. எந்த அகராதியை வைத்துக்கொண்டு நாமாக அங்கே போய்ச் சேர்வது?

தேடுபொறி நாம் கேட்ட பிறகு பக்கங்களைப் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்பே சொல்லடைவு போட்டு வைத்திருக்கிறது, தடிமனான புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, அதைப்போல. அப்புறம் எடை பார்க்கிறது. 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற கணினி ஆய்வாளர் ஓர் எளிய யோசனை சொன்னார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். இன்றைய தேடல் மென்பொருள்களிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது.

இரண்டாம் மொழிக்காரர் அடிபடும் இடம் இதுதான். நாம் முதலில் கற்பதெல்லாம் 'ப்ராப்ளம்', 'ஃபீல்', 'பேட்' போன்ற பொதுச்சொற்கள். அவை கோடிப் பக்கங்களில் இருப்பதால் எடையே இல்லை. எடையுள்ள அரிய சொல்லோ கண்ணில் பட்டால் புரியும், தேவைப்படும்போது நாவுக்கு வராது. இதை அறிவுக்குறைவு என்று நினைத்து யாரும் கூசக் கூடாது. ஒரே மொழி பேசுபவர்களுக்குள்ளேயே ஒரு பொருளுக்கு இருவர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று 1987இல் ஃபர்னஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

மொழிச்சுவரைத் தாண்டும் முயற்சியும் பழையதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெரார்ட் சால்டன், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பொருள் தரும் ஜெர்மன் சொல்லுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் கேட்டால் ஜெர்மன் ஆவணமும் அகப்பட்டது. அந்த முடிவுகள் 1970இல் வெளிவந்தன. இப்போது எண்களை இயந்திரமே கற்றுக்கொள்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட 'லேப்ஸ்' (LaBSE) என்ற கணினி மொழி மாதிரி, 109 மொழிகளில் எந்த வாக்கியத்தையும் 768 எண்களின் வரிசையாக மாற்றும். பொருள் நெருங்கியிருந்தால் எண்களும் நெருங்கியிருக்கும், மொழி எதுவானாலும். ஆனால் எழுதப்பட்ட உரை அதிகம் கிடைக்காத மொழிகளில் இந்தக் கணிப்பு தளர்ந்துவிடுகிறது. மரபுத்தொடர்களிலும் சறுக்கல் உண்டு.

சரி, சொல் தெரியாதபோது என்ன செய்வது? நான் முதல் தேடலைப் பதிலுக்காகப் போடுவதில்லை, சொல்லைப் பிடிக்கப் போடுவேன். 'உட்கார்ந்தபின் காலில் உணர்வில்லை' என்பதைத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, எந்தப் பக்கத்தையும் திறக்காமல் தலைப்புகளை மட்டும் மேய்வேன். 'நம்' (numb), 'டிங்லிங்' (tingling) என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். அதை எடுத்து இரண்டாம் தேடலில் போட்டால் 'பாரஸ்தீசியா' தலைகாட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை இருந்தால் இன்னும் குறுக்குவழி: அதன் மொழிப் பட்டியலில் ஆங்கிலத்தைச் சொடுக்கினால், மனிதர்கள் கையால் இணைத்துவைத்த சரியான சொல் அங்கே தலைப்பாகவே இருக்கும்.

மூன்றாம் தேடலில் விடை வந்துவிடுகிறது. மடித்த காலில் நரம்பு அழுந்துகிறது, அதற்குப் போகும் ரத்தமும் குறைகிறது, மூளைக்குச் செய்தி சரியாகப் போவதில்லை. காலை நீட்டியதும் நரம்பு மீண்டு, கொஞ்ச நேரம் தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்புகிறது. நாம் சுருக்சுருக் என்பதும் ஆங்கிலம் பேசுபவர்கள் குண்டூசி என்பதும் அதைத்தான்.