ரெட்ஷர்ட்: சட்டையும் இல்லை, சிவப்பும் இல்லை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஆடுவது) அணிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் சிலருக்குப் பக்கத்தில் 'ரெட்ஷர்ட் ஃப்ரெஷ்மேன்' (முதலாண்டு), 'ரெட்ஷர்ட் சோஃபமோர்' (இரண்டாமாண்டு) என்று போட்டிருக்கும். இதைச் 'செஞ்சட்டை வீரர்' என்று தமிழாக்கினால் கதை கெட்டது. செஞ்சட்டை என்றதும் நமக்கு மே தின ஊர்வலம்தான் கண்ணில் வரும், இங்கே பேசுவதோ ஒரு பையன் ஓராண்டு ஆடாமல் உட்கார்ந்திருப்பதைப் பற்றி.

முதலில் கணக்கு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் நெடுநாள் விதி, ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடிக்கொள்ளலாம் என்பது. ஆக, ஓராண்டு கைவசம் மிச்சம். அந்த ஆண்டில் பையன் வகுப்புக்குப் போவான், பயிற்சிக்கு வருவான், எடை தூக்குவான், போட்டியில் மட்டும் இறங்கமாட்டான். ஆடாத அந்த சீசன் செலவாகாமல் அப்படியே நிற்கும். இதுதான் ரெட்ஷர்ட்.

சட்டை எங்கிருந்து வந்தது? 1937இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் வாரன் ஆல்ஃப்சன் என்ற மாணவர், தனக்கு முன்னால் அனுபவசாலிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, 'இந்த வருஷம் பயிற்சி மட்டும் எடுக்கிறேன், ஆட்டம் வேண்டாம்' என்று தானாகவே போய்க் கேட்டாராம். எண் எதுவும் போடாத சிவப்புச் சட்டையோடு மைதானத்தில் திரிந்தார், அதிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். இன்று யாரும் அதற்காகச் சிவப்பு உடுத்துவதில்லை. பயிற்சியில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) தனி நிறச் சட்டை, பல இடங்களில் சிவப்புதான், போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 'இவர் மேல் மோதாதே' என்று தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது, அவ்வளவுதான்.

இந்தச் சொல் அதிகம் புழங்குவதும் குவார்ட்டர்பேக் விஷயத்தில்தான். மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். குவார்ட்டர்பேக் ஒரே ஆள், அவர் நன்றாக ஆடும்வரை வரிசையில் இரண்டாவது, மூன்றாவதாக நிற்பவருக்குப் பந்தே கிடைக்காது. பிறகு எதற்கு ஒரு சீசனை வீணாக்க வேண்டும்? ஜானி மான்ஸல் 2011 முழுக்க டெக்சஸ் ஏ&எம்மில் இப்படி உட்கார்ந்திருந்தார்; அடுத்த ஆண்டே, முதல் சீசனிலேயே, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

2018இல் விதி தளர்ந்தது. ஒரு சீசனில் நான்கு ஆட்டம்வரை இறங்கினாலும் அது கணக்கில் சேராது என்றார்கள். கத்துக்குட்டிகளுக்குக் கொஞ்சம் ஆட்டம் கிடைக்கட்டும் என்றுதான் தளர்த்தினார்கள், ஆனால் அதே ஆண்டு கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. முதல் நான்கு ஆட்டங்களைத் தொடங்கிய கெல்லி பிரையண்ட், அவரிடத்தில் புதுப்பையன் ட்ரெவர் லாரன்ஸ் தொடங்குவார் என்றதும் அணியை விட்டே கிளம்பிவிட்டார். ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு முறை இறங்கியிருந்தால் சீசன் போச்சு. இறங்கவில்லை, 2019இல் மிசௌரிக்குப் போய் ஆடினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'காத்திருப்பு ஆண்டு' என்றால் ஏதோ ரயில் டிக்கெட் மாதிரி இருக்கிறது. நான் 'இருப்பாண்டு' என்பேன். இருப்பு என்றால் உட்கார்ந்திருப்பதும் ஆகும், கல்லாவில் மிச்சமிருப்பதும் ஆகும், இந்த ஆண்டில் இரண்டுமே நடக்கிறது. வினையாக்குவதும் சுலபம்: 'அவனை இந்த வருஷம் இருப்பு வைத்துவிட்டார்கள்'. ஐந்தாவது ஆட்டத்தில் இறக்கிவிட்டால் ரெட்ஷர்ட்டை எரித்துவிட்டதாக அங்கே சொல்வார்கள். நமக்கு 'இருப்பைக் கரைத்துவிட்டார்கள்' போதும்.

இரண்டு விளையாட்டு ஆடுகிறவர்களிடம் இந்தச் சொல்லின் நுணுக்கம் தெரியும். இருப்பு ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி. குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனை 2012இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற தொழில்முறை பேஸ்பால் அணி பள்ளியிலிருந்தே தேர்ந்தெடுத்தது. அவர் கையெழுத்திடாமல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஃபுட்பாலில் முதலாண்டு இருப்பு, அந்தக் கல்வியாண்டிலேயே பேஸ்பால் மட்டும் ஆடினார். 2013இல் ஹைஸ்மன். 2015இல் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லின் தேர்வில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வில், முதல் ஆள். பட்டியலில் அப்போது அவர் 'ரெட்ஷர்ட் சோஃபமோர்', அதாவது இரண்டே சீசன் ஆடியவர். பிறகு எப்படித் தகுதி வந்தது? என்எஃப்எல் சீசனை எண்ணுவதில்லை, பள்ளி முடித்து மூன்றாண்டு ஆனதா என்று மட்டும் பார்க்கும். பேஸ்பாலுக்கு வேறு கடிகாரம்: பள்ளி முடித்ததும் எடுக்கலாம், நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியவேண்டும், இல்லையென்றால் 21 வயது ஆகவேண்டும். ஆக, இருப்பாண்டு கல்லூரிக் கணக்கை மட்டும்தான் நிறுத்தும். மற்ற இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கைலர் மரே என்ற குவார்ட்டர்பேக் இதற்கு உச்சம். டெக்சஸ் ஏ&எம்மிலிருந்து ஒக்லஹோமாவுக்கு மாறியதால் 2016இல் ஆட முடியவில்லை, அடுத்த ஆண்டு பேக்கர் மேஃபீல்டுக்குப் பின்னால் இரண்டாம் ஆள். 2018 ஜூனில் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் அவரைப் பேஸ்பால் தேர்வில் ஒன்பதாவதாக எடுத்து, ஒரே ஒரு சீசன் ஃபுட்பால் ஆடிக்கொள் என்று விட்டது. அந்த ஒரு சீசனில் ஹைஸ்மனை வாங்கினார், 2019இல் என்எஃப்எல் தேர்வில் அரிசோனா அணி முதலாவதாக அள்ளிக்கொண்டது. பேஸ்பால் மட்டை மூலைக்குப் போனது.

சொல் மைதானத்தோடும் நிற்கவில்லை. ஐந்து வயதான பிள்ளையை 'இன்னும் சின்னவன், அடுத்த வருஷம் சேர்க்கலாம்' என்று கிண்டர்கார்டனில் போடாமல் நிறுத்தும் அமெரிக்கப் பெற்றோரும் பிள்ளையை ரெட்ஷர்ட் செய்ததாகத்தான் சொல்கிறார்கள். அங்கேயும் 'இருப்பு வைத்தோம்' சரியாகவே பொருந்துகிறது.