காந்தம் படலத்திலா, இடுக்கியிலா?

நைட்ரஜன் கலந்த துத்தநாக ஆக்சைடு மென்படலத்தில் அறை வெப்பநிலையிலேயே காந்தக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் வேறு வேறு பாதையில் போய் வரையும் வளையம், இரும்பைப் போன்ற காந்தத்தின் அடையாளம்) வந்துவிட்டது என்று மாணவர்கள் ஓடிவரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த இடுக்கியால் பிடித்தாய்?" என்பதுதான்.

கேலி இல்லை, பட்ட அனுபவம். ஆரம்பத்தில் ஸ்டீல் இடுக்கியால் பிடித்த ஒரு மாதிரியில் அழகான காந்தக் கண்ணியைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கால் தரையில் படாமல் திரிந்தேன். பிளாஸ்டிக் இடுக்கி மட்டுமே தொட்ட அடுத்த படலத்தில் கண்ணியைக் காணோம். முதல் கண்ணி ஸ்டீலிலிருந்து ஒட்டிய இரும்புத் துகளின் வேலையாக இருக்கலாம்.

கணக்கைப் போட்டால் விஷயம் புரியும். 5 மி.மீ. சதுரம், 100 நானோமீட்டர் தடிமன் கொண்ட படலம். ஆக்சிஜன் இடங்களில் 1 சதவீதத்தை நைட்ரஜன் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர் மேக்னட்டான் (ஓர் எலக்ட்ரானின் சுழற்சி தரும் காந்த அளவு). அத்தனையும் ஒரே திசையில் நின்றாலும் மொத்தம் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு இ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனை, அதாவது காந்த வலுவை, அளக்கும் அலகு) தான். 50 நானோகிராம்கூட இல்லாத ஓர் இரும்புத் துகள் இதைக் கொடுத்துவிடும். அதன் அகலம் சுமார் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது! அடியில் இருக்கும் அரை மி.மீ. சபையர் தட்டோ, 1 டெஸ்லா புலத்தில் இதைப் போல 15 மடங்குக்கு மேல் எதிர்க்காந்தம் (புலத்துக்கு எதிர்த் திசையில் எழும் காந்தம்) காட்டும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் படலத்தின் காந்தம் என்கிறோம்.

அப்படியானால் நைட்ரஜனால் காந்தம் வரவே வராதா? வரலாம். ஆக்சிஜனைவிட அதற்கு ஒரு எலக்ட்ரான் குறைவு. ஆக்சிஜன் இடத்தில் உட்கார்ந்தால் 2பி என்ற வெளி எலக்ட்ரான் நிலையில் ஒரு துளை (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்), அதோடு இணையில்லாத ஒரு எலக்ட்ரான் சுழற்சி; காந்தம் வருவது இதிலிருந்துதான். ஆனால் துத்தநாக ஆக்சைடு இயல்பிலேயே n-வகைக் குறைக்கடத்தி, அதாவது உபரி எலக்ட்ரான்கள் உள்ளது. உபரி எலக்ட்ரான் ஒன்று வந்து துளையை நிரப்பினால் காந்தத் திருப்புத்திறனும் போச்சு. ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டாலும் அதே கதி. நிரம்பாத துளையும் நைட்ரஜனைச் சுற்றியே ஒடுங்கிக் கிடப்பதால், அண்டை அணுவின் சுழற்சியைத் தன் பக்கம் திருப்புவது எளிதல்ல. போதாக்குறைக்கு, துத்தநாக அணு விடுபட்ட காலியிடங்களும் தாமே காந்தம் காட்டக்கூடியவை.

அதனால் நைட்ரஜனைக் கூட்டக் கூட்டக் காந்தமும் கூடும் என்று நம்ப வேண்டாம். உள்ளே போனது எல்லாம் சரியான இடத்தில் உட்காருவதில்லை. சில மூலக்கூறாகவே தங்கிவிடும். எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையில் (எக்ஸ்-கதிர் பாய்ச்சி, வெளிவரும் எலக்ட்ரான்களைக் கொண்டு அணு எந்தச் சூழலில் இருக்கிறது என்று பார்க்கும் முறை) 396 முதல் 398 எலக்ட்ரான் வோல்ட் அருகே சிகரம் தெரிந்தால் ஆக்சிஜன் இடத்து நைட்ரஜன் என்று கொள்ளலாம். 404 அருகே இருந்தால் மூலக்கூறு.

நைட்ரஜன் கலக்காத படலம், வெறும் தட்டு, இரண்டையும் அதே அடுப்பில் சுட்டு, அதே இடுக்கியால் பிடித்து அளக்காத வரை எந்தக் கண்ணியையும் நான் நம்புவதில்லை. அப்புறம் தடிமனை இரட்டிப்பாக்கிப் பார்க்கச் சொல்வேன். காந்தம் படலம் முழுக்கப் பரவியிருந்தால் அளவீடும் இரட்டிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. நீர்த்த அமிலத்தில் படலத்தைக் கரைத்துவிட்டுத் தட்டை மட்டும் மறுபடி அளப்பது. கண்ணி அப்படியே இருந்தால் கதை முடிந்தது, அந்தக் காந்தம் படலத்தினுடையது அல்ல. மறைந்துவிட்டால் மட்டும் உடனே குதிக்க வேண்டாம்: அந்த அமிலத்தில் இரும்பும் கரையும்.