மீப்பெரு பொது வகுத்தி: சொல்லும் பங்கீடும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரே வீட்டில் அக்கா தமிழ்வழியிலும் தம்பி மலையாளவழியிலும் படிப்பதுண்டு. தம்பி ‘உ.சா.க.’ என்பான். உத்தம சாதாரண கடகம் என்பதன் சுருக்கம் அது. உத்தமம் எப்படிச் சாதாரணமாகும் என்று அக்காவுக்குக் குழப்பம். மலையாளக் கணக்கில் சாதாரணம் என்றால் பொது. கடகம் என்றால் காரணி. தமிழில் மீப்பெரு பொதுக் காரணி என்கிறோம், மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) என்றும் சொல்கிறோம். கொடுத்த எண்கள் எல்லாவற்றையும் மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் ஆகப் பெரியது எதுவோ, அதுதான் இது.

‘மீ’ என்றால் மேல், உயர்வு. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்கிறது குறள் 386. மீக்கூறுதல் உயர்த்திச் சொல்லுதல். அதற்கு முந்தைய குறளிலேயே ‘காத்த வகுத்தலும் வல்லது அரசு’ என்று வருகிறது. அங்கே வகுத்தல், சேர்த்துக் காத்த பொருளைப் பங்கிட்டுச் செலவிடுவது. காரணி வடமொழிக் காரணத்திலிருந்து வந்த சொல். அதைப் புழங்குவதில் தவறில்லை. ஆனால் பங்கு போடும் வேலையைப் பெயரிலேயே வைத்திருப்பது வகுத்திதான். என் ஓட்டு அதற்கே.

கோயில் நோம்பிக்கு 84 தேங்காயும் 210 வாழைப்பழமும் வந்திருக்கின்றன. எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், எதுவும் மிஞ்சக் கூடாது. அதிகபட்சம் எத்தனை பை போடலாம்? பை எண்ணிக்கை 84, 210 இரண்டையும் மீதியில்லாமல் வகுக்க வேண்டும்; ஆகப் பெரியது வேண்டுமென்றால் அது மீ.பொ.வ.தான். அதைக் காண, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 210 − 84 = 126; 126 − 84 = 42; 84 − 42 = 42. இரண்டும் சமமானதும் நிறுத்தலாம். 42 பை, பைக்கு 2 தேங்காய், 5 பழம். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த வழி இது.

பிள்ளைகள் தடுமாறுவது இதற்கு அப்புறம்தான். இங்கே 42 என்பது பைகளின் எண்ணிக்கை. தேங்காய் தனிப் பை, பழம் தனிப் பை, எல்லாப் பையிலும் ஒரே எண்ணிக்கை, அதுவும் முடிந்தவரை அதிகம் என்று கேள்வி மாறினால், அதே 42 பைக்குள் போய்விடும்: தேங்காய் 2 பை, பழம் 5 பை. கேட்பது ‘எத்தனை பை’யா, ‘பைக்கு எத்தனை’யா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

சரி, வீடுகள் 21தான் என்றால்? 21 என்பது 42-ஐ வகுக்கும். வீட்டுக்கு 4 தேங்காய், 10 பழம் கொடுத்துவிடலாம். 30 வீடு என்றால் மிச்சமில்லாமல் பங்கிட வழியில்லை.