ஒரே சவாரி, இரண்டு விலை

போன மாதம் ஒரு தம்பதி வழக்கு விஷயமாக வந்தார்கள். கணவரிடம் ஐபோன், மனைவியிடம் பழைய ஆண்ட்ராய்டு. தாம்பரத்திலிருந்து தி.நகருக்கு ஒரே செயலியில் கார் தேடியிருக்கிறார்கள். ஐபோனில் 46 ரூபாய் கூடுதல். இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டி, "இது ஏமாத்து வேலைதானே சார்?" என்றார் கணவர்.

ஒன்றில் நேரம் 9:12, மற்றதில் 9:19. ஏழு நிமிடத்தில் ஒரு தூறல் விழுந்தாலே கட்டணம் ஏறிவிடும். கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறுவது குற்றமில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஏழு நிமிடமே போதும்.

ஆளைப் பார்த்து விலை ஏறினால்தான் வில்லங்கம். சந்தையில் சட்டையைப் பார்த்து விலை சொல்வதில்லையா என்பார்கள். சொல்வார்கள்தான். ஆனால் அங்கே பேரம் பேசலாம், பக்கத்தில் நிற்பவருக்குச் சொன்ன விலையும் காதில் விழும். செயலியில் அது விழாது.

2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதே ஐபோன்-ஆண்ட்ராய்டு புகார் குறித்து இரண்டு பெரிய டாக்சி நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இரண்டுமே மறுத்தன. ஒரே வகை நுகர்வோருக்குள் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. யார் 'ஒரே வகை' என்பதில்தான் இழுபறி. நியூயார்க் மாநிலத்தில் தனிப்பட்ட தரவை வைத்து அல்காரிதம் விலை போட்டால், அதை விலையோடு சேர்த்தே வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்த ஒரு வரிகூடக் கிடையாது.

ஆளைப் பார்த்து விலை போட, நம் தகவல் வேண்டும். அதைப் பற்றி 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் உதாரணம் வருகிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்களும் சரி என்று தட்டிவிடுகிறீர்கள். சேவைக்குத் தேவையில்லாத அந்தச் சம்மதம் செல்லாது. நல்ல பிரிவு. ஆனால் 2025 நவம்பர் அறிவிப்பின்படி அது நடைமுறைக்கு வர 18 மாதம். அதுவரை இருப்பிட அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று நீங்களே மாற்றி வையுங்கள்.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை. சாட்சியம்தான் சிக்கல். இரண்டு போனையும் அருகருகே வைத்து, மூன்றாவது போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். மணியும் ஏறும், இறங்கும் இடங்களும் தெரிய வேண்டும். அப்புறம் அந்த வீடியோவைச் சாட்சியமாக ஏற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்.

அடுத்த வாரமே வீடியோவோடு வந்தார்கள். இரண்டிலும் 8:40, வித்தியாசம் 31 ரூபாய். அந்த நிறுவனத்துக்கு அனுப்பிய நோட்டீஸில் 31 ரூபாயைக் கேட்கவில்லை. எந்தெந்தத் தகவலை வைத்து இந்த விலை போட்டீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.